தன் பெயரில் ஓர் இசைத்தட்டு



ஒரு பொருளைச் செய்தவர் ஒருவராக இருப்பார். அதன்மேல் பொறிக்கப்படும் பெயர் வேறொன்றாக இருக்கும். இதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து மரம் வெட்டிப் பால் எடுத்தவர் ஒருவர். அந்தப் பால் உறைந்து, உலர்ந்து, பாளமாகிக் கப்பலேறியபோது அதன்மேல் இருந்தது கம்பெனியின் முத்திரை. பால் எடுத்தவரின் பெயர் கிராணியாரின் புத்தகத்தில் இருந்தது, பாளத்தில் இல்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதும் பெயரைப் பற்றிய ஒரு வரலாறுதான். இது நிகழ்ந்தது நம் நாட்டில் அன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில். ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி கித்தார் கலைஞரானார். உலகம் முழுவதும் அவருடைய வாசிப்பைக் கேட்டது. ஆயினும், முழுவதும் தமக்கே உரிய ஓர் இசைத்தொகுப்பு தம் பெயரை மட்டும் தாங்கி வெளிவர, அவர் 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பெயர் டோனி ஐயோமி. அவர் வாசித்த குழுவின் பெயர் பிளாக் சப்பாத்.

பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பெயர்கள் புதியனவாக இருக்கலாம். வீட்டில் இளைஞர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சத்தத்தைக் குறையடா" என்று நாம் அதட்டுகிறோமே, அந்த இசையின் வேர் இந்த மனிதரின் விரல்களில் இருக்கிறது. 'ராக்' என்னும் மேனாட்டு இசையில் 'ஹெவி மெட்டல்' என்று ஒரு பிரிவு உண்டு. கனத்த உலோகம் என்பது அதன் பொருள். மின்சாரக் கித்தாரின் ஒலியை ஒலிபெருக்கியில் மிகுதிப்படுத்தி, இடி உருள்வது போல் வாசிப்பது அதன் இயல்பு. அந்த இசைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் ஐயோமி என்று இசை வரலாறு எழுதுவோர் கூறுகின்றனர்.

முதலில் அவருடைய ஊரைப் பார்ப்போம். பர்மிங்காம் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். இரும்பும் பித்தளையும் அங்கே பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. அந்நகரில் ஆஸ்டன் என்பது உழைப்பாளிகள் வாழ்ந்த பகுதி. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் தடம் போர் முடிந்த பிறகும் அந்நகரத் தெருக்களில் நெடுநாள் இருந்தது. பர்மிங்காமில் 1948 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் டோனி ஐயோமி பிறந்தார். இத்தாலிய வழிவந்த குடும்பம். பெற்றோர் சிறு கடை ஒன்று வைத்திருந்தனர். அவர்களுக்கு அவர் ஒரே பிள்ளை.

சிறுவனுக்கு முதலில் டிரம் அடிக்கத்தான் ஆசை. வீட்டில் அந்தச் சத்தத்துக்கு இடமில்லை. ஆகவே கித்தாருக்கு வந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கை விரல்களால் தந்தியை அழுத்தி, வலக்கையால் மீட்டுவார்கள். ஐயோமிக்கு இது தலைகீழ். வலக்கை விரல்களால் தந்தியை அழுத்துவார், இடக்கையால் மீட்டுவார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளியை விட்டதும் பகலில் வேலை, இரவில் கித்தார் என்று நாட்கள் சென்றன. உலோகத் தகடுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தகடுகளைப் பற்றவைக்கும் வேலை அவருக்கு. 17 வயது நிரம்பியிருந்தபோது ஓர் இசைக்குழுவில் இடம் கிடைத்தது. அக்குழு ஜெர்மனிக்குச் சென்று வாசிக்க இருந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கடைசி நாளும் வந்தது.

அன்று நண்பகல் உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், "இனிமேல் போக மாட்டேன்" என்று தாயிடம் சொன்னார். தாய் அதை ஏற்கவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வர வேண்டும் என்று அனுப்பி வைத்தார். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதில் குற்றம் காண இடமில்லை.

குற்றம் இருந்த இடம் வேறு. தகடுகளை வளைத்துக் கொடுக்கும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்கும் பெண் அன்று வேலைக்கு வரவில்லை. அந்த இடத்தில் ஐயோமியை நிறுத்தினார்கள். அந்த இயந்திரத்தை அவர் அதற்குமுன் இயக்கிப் பழகியவர் அல்லர். கனத்த அச்சு கீழே இறங்கியது. வலக்கை விரல்கள் அகப்பட்டுக்கொண்டன. வெடுக்கென்று கையை இழுத்தார். நடுவிரலின் நுனியும் மோதிர விரலின் நுனியும் பிய்ந்து போயின. தந்தியை அழுத்தும் கை அதுதான். தந்தியைத் தொடும் இடமும் அந்த நுனிகள்தாம்.

இனிக் கித்தாரை மறந்துவிடு என்று மருத்துவர்கள் கூறினர். ஜெர்மனிப் பயணம் போயிற்று. பையன் வீட்டில் சோர்ந்து கிடந்தார். கையை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சோர்வு என்னவென்று தெரியும்.

அப்போது ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அவர் தொழிற்சாலையின் போர்மன், அதாவது மேற்பார்வையாளர். கையில் ஓர் இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். கேட்டுப் பார் என்றார். இசையைக் கேட்கும் மனநிலையில் ஐயோமி இல்லை. வந்தவரோ விடவில்லை. தட்டு சுழன்றது. வாசிப்பு மிக நன்றாக இருந்தது. அதன்பிறகுதான் அவர் செய்தியைச் சொன்னார்: இதை வாசித்தவருக்கு இடக்கையில் ஒழுங்காக வேலை செய்தவை இரண்டே விரல்கள்.

அந்தக் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஊர் ஊராக வண்டியில் சென்று வாழ்ந்த ரோமா மக்கள் இனத்தவர். 1910 இல் பிறந்தவர். 1928 இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பற்றியது. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தீயில் கருகிச் சுருங்கின. எஞ்சிய இரண்டு விரல்களை நம்பி அவர் கித்தார் வாசிப்பைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1934 இல் பாரிஸ் நகரில், வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து ஓர் ஐவர் குழுவில் வாசிக்கத் தொடங்கி, ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றார். 1953 இல் மறைந்தார். அவர் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து, அவருடைய தட்டு ஒன்று பர்மிங்காமில் ஒரு வீட்டில் சுழன்று, வேறோர் இளைஞரை எழுப்பி உட்கார வைத்தது.

அந்தப் போர்மனை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆறுதல் சொல்வது எளிது. 'இப்படியும் செய்யலாம்' என்று ஒரு சான்றைக் கொண்டுவந்து காட்டுவதற்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். அடிபட்டவர்மேல் உண்மையான பரிவும் வேண்டும்.

இனி ஐயோமி செய்தது கைவேலை. பாத்திரம் கழுவும் நீர்மம் அடைத்து வரும் ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தார். அதை உருக்கி உருண்டையாக்கினார். சூட்டுக்கோலால் துளையிட்டு, விரல் நுழையும்படி குடைந்தார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் தந்தியின்மேல் வழுக்கியது. பழைய தோல் சட்டை ஒன்றை வெட்டி, ஒரு துண்டை அதன்மேல் ஒட்டினார். தையல்காரர் விரலில் மாட்டும் உறை போன்ற இரண்டு தொப்பிகள் ஆயின. அவற்றை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து பழகினார்.

அதிலும் தொல்லைகள் இருந்தன. தோல் தொப்பிக்கு உணர்ச்சி கிடையாது. தந்தியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்லாது. காது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துக் கித்தார்த் தந்திகள் தடிப்பானவை, அழுத்தினால் வலித்தது. கடைகளில் மெல்லிய தந்தி கிடைக்கவில்லை. பாஞ்சோ என்னும் வேறொரு கருவியின் மெல்லிய தந்தியை வாங்கிக் கித்தாரில் கட்டினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியும் கட்டினார். மேளத்தின் வாரைத் தளர்த்தினால் ஒலி தாழ்கிறது அல்லவா? அதுபோலத் தந்தியைத் தளர்த்தினாலும் சுருதி இறங்கும். விரலுக்கு நோவு குறையும். ஒலியோ ஆழமாகிக் கனக்கும்.

இன்னொன்றும் உண்டு. மேனாட்டு இசையில் பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பார்கள். அதற்குப் பல விரல்கள் பல தந்திகளைப் பிடிக்க வேண்டும். அவற்றுள் சில பிடிகள் ஐயோமிக்கு இயலாமல் போயின. ஆகவே இரண்டே சுரங்களைச் சேர்த்து, அவற்றையே அழுத்தமாக ஒலிக்கும் முறையை மிகுதியாகக் கையாண்டார். நம் சுருதிப் பெட்டியில் 'ச' என்னும் சுரமும் 'ப' என்னும் சுரமும் இணைந்து நிற்கின்றனவே, அதே இணைப்புத்தான் அது. அந்த இரண்டு சுரங்களும் மின்சார ஒலிபெருக்கியின் வழியே வந்தபோது ஒரு சுவர் எழுந்து நிற்பது போன்ற ஒலி பிறந்தது.

1968 இல் பர்மிங்காமில் நால்வர் ஒன்று சேர்ந்தனர். கித்தாருக்கு ஐயோமி. பாடுவதற்கு ஓசி ஆஸ்பர்ன். இவர் ஐயோமி படித்த அதே பள்ளியில் படித்தவர், இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். தாழ்சுரக் கித்தாருக்கு கீசர் பட்லர்; பாடல் வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் இவரே. டிரம்முக்கு பில் வார்டு. நால்வரும் உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள்.

அந்த ஆண்டின் இறுதியில் ஐயோமிக்கு ஜெத்ரோ டல் என்னும் பெயர்பெற்ற குழுவிலிருந்து அழைப்பு வந்தது. போனார், ஆனால் அதிக நாள் தங்கவில்லை. தம் தோழர்களிடமே திரும்பினார். திரும்பும்போது ஒரு பாடத்தையும் கொண்டுவந்தார். அந்தக் குழுவினர் காலை 9 மணிக்கெல்லாம் பயிற்சியில் உட்கார்ந்துவிடுவார்கள். இசையும் ஒரு வேலைதான். நேரத்துக்கு வர வேண்டும். அதையே தம் குழுவிலும் நடைமுறைப்படுத்தினார்.

1969 இல் குழு பிளாக் சப்பாத் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் லண்டனில் ஒரே நாளில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். அது 1970 பிப்ரவரி 13 ஆம் நாள் வெளிவந்தது. விமரிசகர்கள் பலர் அதைப் பழித்தனர், மக்களோ வாங்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 'பாரனாய்ட்' என்னும் இரண்டாம் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1971 இல் வந்த மூன்றாம் தட்டில் பல பாடல்களுக்கு ஐயோமி தந்தியை மூன்று அரைச்சுர அளவுக்குக் கீழே இறக்கினார். அந்த ஆழ்ந்த ஒலியைப் பின்னர் எண்ணற்ற குழுக்கள் பின்பற்றின.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாடல்களின் அடிப்படையாய் அமைந்தவை ஐயோமியின் கித்தார்த் தொடர்கள். நம் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருவது போல, சில சுரங்களால் ஆன ஒரு தொடர் பாடல் முழுவதும் திரும்ப ஒலிக்கும். அதை 'ரிஃப்' என்பார்கள். அந்தத் தொடர் பிறந்த பிறகே பாடல் உருவாகும். ஆயினும் தொடக்ககாலப் பாடல்களின் ஆக்கியோர் என்று நால்வர் பெயரும் சேர்த்தே போடப்பட்டன. நால்வரும் ஒன்றாகப் பசித்தவர்கள், ஒன்றாகவே பங்கிட்டார்கள். ஆகவே குழுவின் பெயர் ஐயோமியின் பெயரை மறைத்துவிட்டது என்று அந்தக் காலத்தைப் பற்றி நாம் சொல்ல முடியாது. அந்தப் பெயர் நால்வருக்கும் பொதுவான வீடாக இருந்தது.

வீட்டில் பிரிவினை வந்தது. புகழும் பணமும் வந்தபோது போதைப் பொருள்களும் கூட வந்தன. 1979 இல் ஓசி ஆஸ்பர்ன் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ என்னும் பாடகர் வந்தார். 1980 இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' என்னும் சிறந்த தட்டு வந்தது. பிறகு அவரும் போனார். வேறொருவர் வந்தார், அவரும் போனார். டிரம் கலைஞர் போனார். கீசர் பட்லரும் போனார். 1985 ஜூலை 13 ஆம் நாள், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்டு' நிகழ்ச்சியில் பழைய நால்வரும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரே மேடையில் தோன்றினர். அதுவும் அந்த ஒரு நாளோடு முடிந்தது. வீட்டில் எஞ்சியவர் ஐயோமி ஒருவரே.

அப்போதுதான் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. குழுவை ஓரமாக வைத்துவிட்டு, தம் சொந்தப் பெயரில் ஒரு தட்டு வெளியிடலாமே! ஒரே பாடகரை நம்பாமல், பாட்டுக்கு ஒருவராகப் பல பாடகர்களை அழைத்துப் பாடச் செய்யலாமே! நல்ல திட்டம்தான். ஆனால் புகழ்பெற்ற பாடகர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தார்கள். அழைத்தவுடன் வந்து பாட அவர்களுக்கு வழியில்லை. இறுதியில் கிளென் ஹியூஸ் என்னும் ஒரே பாடகர் எல்லாப் பாடல்களையும் பாடினார். இவர் முன்னர் டீப் பர்ப்பிள் என்னும் குழுவில் இருந்தவர்.

தட்டு முடிந்தது. பெயர் 'செவந்த் ஸ்டார்', அதாவது ஏழாவது விண்மீன். 1986 ஜனவரியில் கடைக்கு வந்தது. உறையைப் பார்த்தவர்கள் கண்டது என்ன? 'பிளாக் சப்பாத்' என்னும் பெயர்; அதனோடு, 'டோனி ஐயோமி பங்குகொள்ள' என்னும் சொற்கள். தம் சொந்தத் தட்டிலேயே அவர் விருந்தாளியைப் போல் ஆகிவிட்டார்.

இசைத்தட்டு நிறுவனமும் மேலாளரும் வற்புறுத்தியதால் நேர்ந்தது அது. குழுவின் பெயர் விற்கும் என்பது அவர்கள் கணக்கு. வணிகர் கண்ணுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் அதனால் இரண்டு தவறுகள் நேர்ந்தன. செய்தவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது ஒன்று. மற்றொன்றை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பழைய தோழர் மூவரில் ஒருவர்கூட இல்லாத தட்டுக்கு நால்வரின் பொதுப்பெயர் சூட்டப்பட்டது. வாங்கியவர்கள் பிளாக் சப்பாத்தின் இசையை எதிர்பார்த்தார்கள். உள்ளே இருந்தது வேறொரு மனப்பாங்கில் செய்த இசை. நல்ல சரக்கானாலும் முத்திரை மாறினால் சரக்குக்கும் கெடுதல், முத்திரைக்கும் கெடுதல்.

அதன்பின் அதே பெயரில் ஐயோமி பல ஆண்டுகள் குழுவை நடத்தினார். பாடகர்கள் மாறினார்கள், தாளக்காரர்கள் மாறினார்கள், விட்டுப் போகாதவர் அவர் ஒருவரே. 1996 இல் மீண்டும் ஒரு முயற்சி. பர்மிங்காமிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே கிளென் ஹியூஸுடன் சேர்ந்து சில பாடல்களைப் பதிவு செய்தார். இதற்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. அடுத்த ஆண்டே பழைய தோழர்களை மீண்டும் ஒன்று சேர்க்கும் பேச்சு நடந்தது. பதிவு செய்த பாடல்கள் அலமாரியில் தங்கின. போதாக்குறைக்கு, அவை எப்படியோ வெளியே கசிந்து, திருட்டுப் பதிப்பாகக் கைமாறின. செய்தவர் வெளியிடவில்லை, ஊரார் கையில் பொருள் இருந்தது!

1997 டிசம்பரில் நால்வரும் பர்மிங்காமில் மேடையேறினர். அந்நிகழ்ச்சியின் பதிவு 1998 இல் வெளிவந்தது. அதிலிருந்து ஒரு பாடலுக்கு 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. குழுவின் பெயர் மீண்டும் நிமிர்ந்து நின்றது. இனி அந்தப் பெயரை வேறொன்றுக்கு இரவல் வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அதே 2000 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. தலைப்பு ஒரே சொல்: 'ஐயோமி'. குடும்பப் பெயர், வேறு அடைமொழி இல்லை. அப்போது அவருக்கு வயது 52. முதல் தட்டு வெளிவந்து 30 ஆண்டுகள். விரல் போய் 35 ஆண்டுகள்.

தொகுப்பில் 10 பாடல்கள்; பத்துப் பாடல்களுக்கும் பத்துப் பாடகர்கள். 15 ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தக் கயிறுகளால் கட்டுண்டு நின்ற திட்டம் இப்போது நிறைவேறியது. தயாரித்தவர் பாப் மார்லெட். பாட வந்தவர்களில் பலர், ஐயோமியின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறையினர். நிர்வாணா குழுவில் டிரம் வாசித்துப் பின்னர் சொந்தக் குழு அமைத்த டேவ் குரோல் ஒருவர். ஸ்கின் என்னும் பெயரால் அறியப்படும் ஆங்கிலேயப் பாடகி ஒருவர். பத்துப் பேரில் பெண் இவர் ஒருவரே. லெபனானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆர்மீனிய வழியினர் செர்ஜ் டாங்கியன் ஒருவர். நியூயார்க் நகரப் பூங்காக்களில் தொழிலாளியாக வேலை செய்து, பிறகு பாடகரான பீட்டர் ஸ்டீல் மற்றொருவர். ஹென்றி ரோலின்ஸ், ஃபில் அன்செல்மோ, பில்லி கோர்கன், இயன் ஆஸ்ட்பரி, பில்லி ஐடல் ஆகியோரும் பாடினர். குயின் குழுவின் கித்தார் கலைஞர் பிரையன் மே, நண்பர் என்னும் முறையில் வந்து இரண்டு பாடல்களில் கித்தார் வாசித்தார்.

பத்தாவது பாடகர் யார் என்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். பழைய பள்ளித்தோழர் ஓசி ஆஸ்பர்ன்தான். அவர் பாடிய பாடலுக்கு டிரம் வாசித்தவர் பில் வார்டு. ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்து சண்டையிட்டுப் பிரிந்தவர்கள், இப்போது ஐயோமியின் சொந்த வீட்டுக்கு விருந்தினராக வந்தார்கள். 1986 இல் தலைகீழாக இருந்தது 2000 இல் நேரானது. அந்தப் பாடலுக்குக் கீழேயும் பிளாக் சப்பாத் என்று யாரும் எழுதவில்லை.

'தனித் தட்டு' என்கிறோம். பத்துப் பேர் பாடியிருக்கிறார்களே, இது எப்படித் தனியாகும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. குரல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் உறுமுகிறார், ஒருவர் உருகுகிறார், ஒருவர் பேசுவது போல் பாடுகிறார். ஆனால் எந்தப் பாட்டை எடுத்தாலும் அடியில் ஓடும் கித்தார் ஒன்றே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம். வெட்டிய பட்டையைப் பார்த்தே இது இன்னார் வெட்டிய மரம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதில்லையா? அதுபோல்தான். பெயரை உறையில் போடலாம், போடாமலும் விடலாம். கையின் அடையாளம் உள்ளே இருக்கிறது.

அப்படியானால் உறையில் பெயர் எதற்கு? கையின் அடையாளமே போதாதா? போதாது என்றே நாம் கருதுகிறோம். பெயர் என்பது புகழுக்கு மட்டும் அன்று. பொறுப்புக்கும் அதுவே அடையாளம். இது என்னுடையது, நன்றாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் என்னைக் கேளுங்கள் என்று ஒருவர் சொல்வதுதான் பெயர் போடுவது. கேட்பவர்களுக்கும் அது நேர்மை. உடன் உழைத்தவர்களுக்கும் அது நேர்மை. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பாடலையும் பாடியவர் யார் என்பதும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

பின்னர் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அலமாரியில் தங்கிய 1996 ஆம் ஆண்டுப் பாடல்கள் 2004 இல் முறைப்படி வெளியாயின. 2005 இல் மற்றுமொரு தனித் தொகுப்பு வந்தது. 2012 ஜனவரியில் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்னும் செய்தி வெளியாயிற்று. சிகிச்சை எடுத்துக்கொண்டே பிளாக் சப்பாத் குழுவோடு வேலை செய்தார். 2013 இல் வந்த அந்தத் தட்டு, 1970 க்குப் பிறகு குழுவுக்கு மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பெற்றுத் தந்தது. 2025 ஜூலை 5 ஆம் நாள், பழைய நால்வரும் பர்மிங்காமில் கடைசி முறையாக ஒன்றாக வாசித்தனர். இடம், அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே உள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கம். அதே மாதம் 22 ஆம் நாள் ஓசி ஆஸ்பர்ன் காலமானார்.

நேயர்களே, இந்த வரலாற்றைச் சொல்லும்போது சிலர் தவறான பாடம் ஒன்றைப் படித்துவிடுவதுண்டு. 'விரல் போனதால்தான் அந்த ஒலி பிறந்தது. ஆகவே போனதும் நல்லதற்கே' என்பார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். பழகாத இயந்திரத்தில் ஒரு பையனை நிறுத்தியது தவறு. அன்றும் தவறு, இன்றும் தவறு. அதே போன்ற இயந்திரங்களில் விரல் இழந்த எத்தனையோ தொழிலாளர்களின் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை. அந்த ஒலியை இயந்திரம் தரவில்லை. ஒரு போர்மனின் பரிவும், உருக்கிய குப்பியும், தோல் துண்டும், விடாத பயிற்சியும் சேர்ந்து தந்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் இடத்தில், பழகாத இயந்திரத்தில் நிற்கச் சொன்னால், "முதலில் காட்டிக் கொடுங்கள்" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அதைக் கேட்பது சோம்பலும் அன்று, அடக்கமின்மையும் அன்று.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. நம் குடும்பத்தில் யார் எதைச் செய்தார்கள் என்பதைப் பெயரோடு சொல்லி வைக்கலாம். கோயில் திருவிழாவில் முதன்முதல் மேளம் கட்டியவர் யார், காட்டை வெட்டிச் சாலை போட்டவர் யார், இரவுப் பள்ளி நடத்தியவர் யார் என்று பாட்டியைக் கேட்டு, பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். பாளத்தில் பொறிக்கப்படாத பெயர்களை அங்கேயாவது பொறித்து வைப்போம்.